குடித்தவன் தலையைப் பிடித்த கை

'கையும் தலையும்' என்ற கட்டுரையில் இருக்கும் விஷயம் என்னுடையது இல்லை. லண்டனில் படித்த காலத்தில், ஒரு மலேசியத் தமிழ்ப் பெண் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று என்னிடம் சொன்னதை எடுத்து, என் சொந்தக் கண்டுபிடிப்பைப் போல எழுதினேன். அவர் பெயரை அடிக்குறிப்பில்கூடப் போடவில்லை. அந்த ஒரு கட்டுரையால் எனக்குப் பேர் வந்தது, பதவி உயர்வு வந்தது, கல்லூரிப் பாடப் புத்தகத்தில் இடம் வந்தது. இதற்குத் திருட்டு என்று பெயர். வேறு நல்ல பெயர் வைத்து என்னைக் காப்பாற்ற நினைப்பவர்கள் தயவுசெய்து சிரமப்பட வேண்டாம்.

என் மகன் சிரமப்பட்டான். "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குப்பா இது? அந்தம்மா கேட்டாங்களா? யாராவது கேட்டாங்களா?" என்றான். யாரும் கேட்காததால்தானே இத்தனை வருடம் ஓடியது என்றேன். வயதானவன் பேரப்பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டு, மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொண்டு, சாந்தமாக இருக்க வேண்டும் என்று வீட்டில் எதிர்பார்க்கிறார்கள். மாத்திரை போட்டுக்கொள்கிறேன். சாந்தத்துக்கு இன்னும் உடன்படவில்லை.

கட்டுரையைப் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஏதென்ஸில் செய்த மண் கிண்ணங்களைப் பற்றியது அது. திராட்சை மது குடிக்கும் கிண்ணங்கள். அகன்ற, ஆழமில்லாத வாய். கீழே ஒற்றைக் கால். இரண்டு பக்கமும் கைப்பிடி. உருவங்களுக்குக் களிமண்ணின் செந்நிறத்தை அப்படியே விட்டுவிட்டு, மற்ற இடமெல்லாம் பளபளக்கும் கறுப்புப் பூசியிருப்பார்கள். உள்ளே, அடியில், வட்டமாக ஒரு படம் இருக்கும். கிண்ணம் நிறைந்திருக்கும்போது அது தெரியாது. குடித்துக் காலியாக்கினால்தான் தெரியும். நான் எழுதிய கிண்ணத்தில், விருந்தாளி கடைசி மடக்கை விழுங்கிய பிறகு பார்ப்பது இதைத்தான்: ஒருவன் குனிந்து வாந்தி எடுக்கிறான், ஒரு பெண் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

என்னிடம் பேசியவரை இங்கே அஞ்சலை என்று அழைக்கிறேன். உண்மைப் பெயர் வேறு. அதைப் போடக் கூடாது என்பது அவர் உத்தரவு. ஏன் என்பது பின்னால் வரும். கிள்ளானுக்கு அருகே கேரித் தீவில் தோட்டத் தொழிலாளி வீட்டில் பிறந்து, சட்டம் படிக்க லண்டனுக்கு வந்தவர். நான் கலை வரலாறு. காசில்லாமல் குளிருக்கு ஒதுங்க அருங்காட்சியகத்தைவிட நல்ல இடம் இல்லை என்பதால் இருவரும் அங்கேயே கிடந்தோம். ஒரு மதியம் அந்தக் கிண்ணத்தைக் குனிந்து பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இதை வரைஞ்ச ஆளு சும்மா யோசிச்சு வரையல. பக்கத்துல நின்னு பார்த்திருக்கான். புதுசா பிடிக்கிறவ பின்னந்தலையைப் பிடிப்பா. பழகினவ நெத்தியில கை வெப்பா. இவ கை எங்க இருக்கு பாருங்க."

நெற்றியில்தான் இருந்தது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எங்கப்பா கள்ளுக்கடையில இருந்து நடந்து வந்ததைவிட தூக்கிட்டு வந்ததுதான் அதிகம்" என்றார்.

எங்கள் வீட்டில் காபியைவிடப் பெரிய போதை நுழைந்ததில்லை. நெற்றியில் கை வைக்கும் விஷயம் இவனுக்கு எங்கிருந்து தெரிந்தது என்று என் கட்டுரையைப் பாராட்டிய ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கோலாலம்பூரில் ஒரு வாசகர் வட்டம் என் கட்டுரைத் தொகுப்புக்கு மலேசியப் பதிப்பு போடுவதாகவும், வெளியீட்டு விழாவுக்கு வர வேண்டும் என்றும் அழைத்தபோது உடனே ஒப்புக்கொண்டேன். அஞ்சலை கிள்ளானில் வழக்கறிஞராக இருக்கிறார் என்று லண்டன் நண்பர் ஒருவர் மூலம் எனக்குத் தெரியும். அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். பிறகு மேடையில் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். போனது இதற்காகத்தான்.

முதல் நாள் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இறங்கியதும் மழை. சென்னையில் மழை வருவதற்கு முன்னால் நாலு நாள் பேச்சு நடக்கும். இங்கே ஒருவரும் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. வாசகர் வட்டத்தின் செயலாளர் குணசேகரன் குடையோடு வந்திருந்தார். காப்பீடு விற்பவர், ஐம்பதைத் தாண்டியவர், எதையும் சிரித்துக்கொண்டே சொல்பவர். தங்கும் விடுதிக்கு எதிரிலேயே விழா மண்டபம். வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். என் படம், என் பெயர், 'கிரேக்கக் கிண்ணங்கள்' என்ற தலைப்பு. பக்கத்தில், தங்க நிறத்தில், பூப்பந்துப் போட்டியில் கொடுக்கும் வெற்றிக் கோப்பை.

"பேனர் பையன் கூகுள்ல தேடினானாம் ஐயா. ரெண்டு கைப்பிடி இருக்குன்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க?" என்றார் குணசேகரன்.

அவர் சொன்னதில் தப்பில்லை.

வாழை இலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். சோறு, மொறுமொறுவென்று பொரித்த பாகற்காய், அப்பளம் ஒரு குவியல், கேட்காமலே மூன்று குழம்பு. எங்கள் ஊரில் இரண்டாம் முறை கூட்டு கேட்டால் பரிமாறுகிறவர் கண்ணில் ஒரு கணக்கு ஓடும். இங்கே இலையில் இடம் தெரிந்தால் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. பரிமாறியவர் புதுக்கோட்டைப் பக்கம். "சாருக்குச் சென்னையா? அதான் கம்மியா சாப்பிடுறீங்க" என்று என் மீது மட்டுமல்ல, முழு நகரத்தின் மீதும் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

பாயசம் வரும்போது குணசேகரனிடம் விஷயத்தைச் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை, மற்றதெல்லாம் சொன்னேன். அவர் சிரிப்பு அப்படியே இருந்தது. உள்ளே இருந்த ஆள் மட்டும் எழுந்து போய்விட்டார்.

"ஐயா, டத்தோ பட்டம் வாங்கின பெரிய மனுஷர் ஒருத்தர் தலைமை தாங்குறாரு. பள்ளிக்கூடத்துல இருந்தெல்லாம் டீச்சருங்க வர்றாங்க. புத்தகத்துல முதல் கட்டுரையே அதுதான்."

"தெரியும்."

"பின்னட்டையில அந்தக் கடைசி வரியைத்தான் பெரிசா போட்டிருக்கோம்."

"அப்படியா?"

"ஐயா, வேணும்னா இப்படிச் செய்யலாம். விழா முடியட்டும். ஊருக்குப் போய் ஒரு கட்டுரையா எழுதுங்க. மெதுவா. யாருக்கும் சங்கடமில்லாம."

யாருக்கும் சங்கடமில்லாமல் உண்மையைச் சொல்ல முடியுமென்றால் நான் அதை எப்போதோ சொல்லியிருப்பேன் என்றேன். அவர் இலையை மடித்தார். எந்தப் பக்கம் மடிப்பது என்று ஒரு கணம் யோசித்தார் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் தனியாகவே கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். குணசேகரன் காரில் கொண்டுவிடுகிறேன் என்றார். வழியெல்லாம் என் மனத்தை மாற்றப் பார்ப்பார் என்பதால் வேண்டாம் என்றேன். ரயிலில் நல்ல குளிர்; காலி இருக்கை; உட்கார்ந்து, அஞ்சலையிடம் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். என்னைச் சுற்றி எல்லோரும் பெண்களாக இருப்பதை இரண்டு நிலையம் தாண்டித்தான் கவனித்தேன். எதிரில் இருந்த ஒரு பெண் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அங்கிள், இது லேடீஸ் கோச் லா."

எழுந்தேன். வண்டி ஆடியதில் தடுமாறினேன். தலையில் முக்காடிட்ட ஒரு மலாய்ப் பெண் என் முழங்கையைப் பிடித்து, பக்கத்திலிருந்த தோழியிடம் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். என்ன சொல்கிறார் என்று தமிழ்ப் பெண்ணைக் கேட்டேன். "இந்த வயசுல இனி என்ன, இருந்துட்டுப் போகட்டும்னு சொல்றாங்க" என்றார். இருந்துவிட்டுப் போகவில்லை. அடுத்த பெட்டிக்கு நடந்து, கிள்ளான் வரை நின்றுகொண்டே போனேன். சலுகை வாங்கும் மனநிலையில் நான் இல்லை.

அஞ்சலையின் அலுவலகம் பூக்கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. படியேறும்போதே மல்லிகை வாசனையும் பக்கத்துச் சீன உணவுக் கடையில் கொதிக்கும் பன்றி எலும்புச் சாற்றின் மூலிகை வாசனையும் சேர்ந்து வந்தன. இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளவில்லை என்பதே எனக்கு ஆச்சரியம். முன்னறையில் இருந்த பெண், அப்பாயின்ட்மென்ட் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை, லண்டனிலிருந்து தெரிந்தவர் என்று சொல்லுங்கள் என்றேன். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"சேதுவா? உட்காரச் சொல்லு. நிலத் தகராறு முடிச்சிட்டு வரேன்."

நிலத் தகராறு நீண்டது. பிறகு அவர் வெளியே வந்தார். வெட்டிய நரைமுடி, பருத்திச் சட்டை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பசியில இருக்கிற ஆளை நான் குறுக்கு விசாரணை செய்யறதில்ல. வாங்க, சாப்பிட்டுட்டே பேசுவோம்."

நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பது அப்போதே புரிந்துவிட்டது.

கடையில் எனக்கு ரசமும் சோறும் சொன்னார். அவருக்கு நண்டுக் குழம்பு. "கேரித் தீவு நண்டு. அங்கிருந்து வந்ததுல உருப்படியானது ரெண்டுதான், இதுவும் நானும்" என்றார். நான் மனப்பாடம் செய்து வந்திருந்ததைச் சொன்னேன். நீங்கள் கண்டதை நான் கண்டதாக எழுதினேன், அது திருட்டு, நாளை மேடையில் உங்கள் பெயரைச் சொல்லி ஒப்புக்கொள்ளப் போகிறேன். அவர் நண்டின் காலைக் கடித்து உடைத்து, உறிஞ்சி, ஓட்டை இலையோரம் வைத்தார்.

"முடிஞ்சதா?"

"முடிஞ்சது."

"அதை நான் எப்பப் படிச்சேன்னு நெனைக்கிறீங்க?"

"தெரியாது."

"வந்த வருஷமே படிச்சிட்டேன். மெட்ராஸ் போன ஒருத்தர் கொண்டுவந்து குடுத்தாரு, நீ பார்க்க ஆசைப்படுவேன்னு."

"ஏன் எனக்கு ஒரு வார்த்தை எழுதலை?"

"என்ன எழுதறது? ஆதாரம் இல்ல. வாய்ப் பேச்சு. சாட்சி யாரு? பெட்டிக்குள்ள இருக்கிற அந்தப் பொண்ணு. அவளுக்குச் சம்மன் அனுப்பவா?" அடுத்த காலை எடுத்தார். "மேடையில என் பேரைச் சொன்னீங்க, உங்க மேல கேஸ் போடுவேன். சும்மா சொல்லல."

அவர் பெயரைச் சொல்வதற்காகவே விமானம் ஏறி வந்தவன் நான்.

"திருடினதுகூட பரவால்ல லா, சேது. லண்டன்ல என் சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூடத் தெரியாம தின்னிருக்கீங்க, நான் கேட்டேனா? எனக்கு எரிச்சல் வந்தது வேற. அந்தக் கடைசி வரியைச் சொல்லுங்க, கேப்போம்."

சொன்னேன். எனக்கு அது மறக்காது. பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். "குடித்தவனை வெறுக்காத ஒரே கை தாய்மையின் கை, அதைத்தான் அந்த ஓவியன் கிண்ணத்தின் அடியில் வைத்தான்."

"எங்கம்மா செத்த வீட்டுல ஒருத்தர் எழுந்திருச்சு இதைப் படிச்சாரு. மைக் வெச்சு. எங்க குடும்பத்தைப் பத்தியே எழுதின மாதிரி இருக்குன்னு எல்லாரும் அழுதாங்க. நான் எங்கம்மாவைப் பார்த்தேன். நல்ல வேளை, அவங்க செத்துட்டாங்க."

பிறகு எழுந்து என் பின்னால் வந்தார். வலது கை நண்டுக் குழம்பில் இருந்ததால் இடது கையை என் நெற்றியில் வைத்தார்.

"குனிங்க."

குனிந்தேன். அந்தக் கை என் தலையைத் தாங்கவில்லை. பிடித்து, பக்கவாட்டில், தன்னைவிட்டு அப்பால் திருப்பித் தள்ளியது. ரசக் கிண்ணம் என் கண்ணுக்கு அருகே வந்தது. நாற்காலியின் ஒரு கால் தரையைவிட்டுக் கிளம்பியது.

"என்கிட்ட ஒரே ஒரு ஸ்கூல் உடுப்பு. நீல பினபோ. சாயந்திரம் ஸ்கூல் விட்டு வந்தா எங்கப்பா வாசல்ல உட்கார்ந்திருப்பாரு. நான் உடுப்பு மாத்துறதுக்குள்ள அவருக்கு வாந்தி வந்துடும். நெத்தியில ஏன் கை வைக்கணும்? அப்பத்தான் மூஞ்சி எங்க திரும்பணும்னு நாம முடிவு பண்ணலாம். பின்னந்தலையைப் பிடிச்சா நம்ம மேலதான் எடுப்பாரு. நாளைக்குக் காலைல போட்ல ஏறிப் பள்ளிக்கூடம் போகணும். அந்த உடுப்புலதான் போகணும்."

பக்கத்து மேசையில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த சீனப் பெரியவர் மலாயில் ஏதோ கேட்டார். அஞ்சலையும் மலாயில் பதில் சொன்னார். பிறகு எனக்குத் தமிழில் சொன்னார்: "தலை சுத்துதான்னு கேக்கிறாரு. இல்ல, பாடம் எடுக்கிறேன்னு சொன்னேன்." பெரியவர் தலையாட்டிவிட்டு நூடுல்ஸுக்குத் திரும்பினார்.

அஞ்சலை தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணோட இன்னொரு கை எங்க இருக்கு?"

"தன் துணியைச் சுருட்டிப் பிடிச்சிருக்கு."

"இடுப்பு?"

"பின்னால வாங்கியிருக்கு."

"அதை எழுதினீங்களா?"

"இல்லை."

"அன்னிக்கே நான் சொன்னேனா, இல்லையா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எழுபதைத் தாண்டியவன் சொன்னால் யாரும் நம்புவார்கள். ஆனால் அவர் அன்றே சொன்னார். கண்ணாடியில் விரலை வைத்து, "துணியைக் காப்பாத்துறா பாருங்க" என்று சொன்னார். எனக்கு நன்றாக நினைவிருந்தது. இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் அவர் சொன்னதாக எழுதியிருக்கிறேனே, அங்கேகூட அதை விட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன். அவ்வளவு பழகிவிட்டது.

"சொன்னீங்க."

"பின்ன ஏன் விட்டீங்க?"

"துணியைச் சேர்த்தா கட்டுரை நிக்காது."

"அதான். திருடன்னா பரவால்ல. திருடின சாமானுக்குப் பெயின்ட் அடிச்சு வித்தீங்க." அவர் குரல் உயரவே இல்லை. "அவ யாரு? விருந்துக்குக் கூலிக்கு வந்தவ. இல்ல, அடிமை. விலைக்கு வாங்கின பொண்ணுகிட்டப் போய்த் தாய்மையைத் தேடுறீங்க. வரைஞ்சவன் ஒழுங்கா வரைஞ்சிருக்கான். அவனுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியல."

என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"பேரு வேணாம். பேரைப் போட்டா எங்கப்பாவையும் இழுப்பாங்க. தாய்மைங்கிற அந்த வார்த்தையை எடுங்க. துணியைப் போடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"எடுத்தா கட்டுரையே விழுந்துடும், அஞ்சலை."

"விழட்டும்."

பில்லை அவரே கட்டினார். விழாவுக்கு வருவீர்களா என்று கேட்டேன். "பொன்னாடை போத்துற இடத்துக்கு நான் வர்றதில்ல" என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் படியேறிப் போய்விட்டார். திரும்பும் ரயிலில் எந்தப் பெட்டி என்று பார்த்து ஏறினேன்.

ஒப்புக்கொள்கிறேன்: போனபோது என் திட்டம் எனக்குச் சாதகமானது. மேடையில் எழுந்து, ஒரு பெண்ணுக்கு உரிய பெயரைக் கொடுத்து, கைதட்டலும் வாங்கிக்கொண்டு வரலாம் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருந்தேன். கட்டுரை அழகாகவே இருக்கும், நானும் நல்லவனாகிவிடுவேன். அவர் கேட்டது வேறு. அதில் எனக்கு எந்த அழகும் மிஞ்சாது.

மூன்றாம் நாள் மாலை மண்டபம் நிறைந்திருந்தது. டத்தோ வந்தார், குத்துவிளக்கு ஏற்றினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். ஓர் ஆசிரியை 'கையும் தலையும்' கட்டுரையின் கடைசிப் பத்தியை உருக்கமாக வாசித்தார். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். குணசேகரன் மைக்கை என்னிடம் கொடுக்கும்போது காதருகில், "ஐயா, ப்ளீஸ்" என்றார்.

நான் திரையில் கிண்ணத்தின் படத்தைப் போடச் சொன்னேன். இதைக் கண்டது நான் அல்ல, பெயர் வேண்டாம் என்று சொன்ன இன்னொருவர். நான் திருடினேன் என்றேன். மண்டபம் அசையவில்லை, அடக்கம் காரணமாக ஏதோ சொல்கிறார் என்று நினைத்தார்கள். பிறகு அந்தப் பெண்ணின் மற்றக் கையைக் காட்டினேன். சுருட்டிய துணி. பின்வாங்கிய இடுப்பு. நெற்றியில் இருக்கும் கை தாங்கவில்லை, திருப்பித் தள்ளுகிறது என்றேன். இப்போது வாசித்த அந்த வரி பொய். பொய் என்று தெரிந்தே எழுதினேன். அதை நம்பி அழுதவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் இனிமேல் அழ வேண்டாம்.

இப்போது அசைந்தது. டத்தோ கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். வாசித்த ஆசிரியை என்னைப் பார்த்த பார்வையை நான் தாங்கித்தான் ஆக வேண்டும். நடு வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். குரலில் கோபமில்லை, வருத்தம் இருந்தது.

"ஐயா, எங்கப்பாவும் குடிகாரர்தான். உங்க எழுத்தைப் படிச்சுத்தான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். அப்போ அந்தப் பொண்ணுக்கு அந்த ஆள் மேல பாசமே இல்லைன்னு சொல்றீங்களா?"

தெரியவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால், கதவோரம் நின்றிருந்தவர்களுக்கு நடுவிலிருந்து, ஒரு பெண் குரல் வந்தது.

"இருக்கு, இல்ல, அது அவ விஷயம். அவகிட்ட நீங்க யாரும் கேக்கல. கையைப் பாருங்க, துணியைப் பாருங்க. அவ காட்டினது அவ்வளவுதான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கோபக்கார ஆன்டி என்று நினைத்திருப்பார்கள். அஞ்சலை யாரையும் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து கேட்டவரும் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்.

குணசேகரன் நன்றியுரையைச் சுருக்கமாக முடித்தார். புத்தகம் வாங்கியவர்கள் கையெழுத்துக்கு வரிசையில் நின்றார்கள். நான் எதிர்பார்த்ததைவிடச் சின்ன வரிசை. ஒவ்வொரு பிரதியிலும் கையெழுத்துக்கு முன்னால் அந்த வரியை அடித்தேன். "ஐயா, புதுப் புக்கு" என்று ஒருவர் கையைப் பிடித்தார். அடிக்காத பிரதி வேண்டுமென்றால் கையெழுத்துக் கிடையாது என்றேன். மூன்று நான்கு பேர் அடிக்காததே போதும் என்று வாங்கிக்கொண்டு போனார்கள். போகட்டும்.

கடைசியில் அஞ்சலை நின்றார். புத்தகத்தை என் முன்னால் வைத்தார். நான் வரியை அடித்தேன்.

"அதுக்கு முந்தின பக்கத்துல 'அரவணைப்பு'ன்னு ஒரு வார்த்தை இருக்கு."

அடித்தேன்.

"அடுத்த பத்தியில 'கருணை'."

அடித்தேன்.

"பின்னட்டை?"

வழவழப்பான அட்டையில் பேனா வழுக்கியது. மை பிடிக்கவே இல்லை. மேசைக்குப் பின்னால் நின்றிருந்த குணசேகரன், பேனரில் எழுதும் தடித்த கறுப்புப் பேனாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "அடிங்க ஐயா. எப்படியும் நாசமாப் போச்சு" என்றார். மூன்று நாளில் அவர் சிரிக்காமல் சொன்ன ஒரே வாக்கியம் அது. அதனால் அவரை எனக்குப் பிடித்துப்போனது. பின்னட்டையை அடித்தேன். அஞ்சலை அட்டையைத் தூக்கி விளக்கில் சாய்த்து, எழுத்து தெரிகிறதா என்று பார்த்தார். தெரியவில்லை. புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நடந்தவை சுருக்கமானவை. மறுநாள் செலாயாங்கில் ஏற்பாடாகியிருந்த இரண்டாவது கூட்டம், மண்டபம் கிடைக்கவில்லை என்று ரத்தானது. சென்னைப் பதிப்பாளரிடம் அடுத்த பதிப்பில் அந்தக் கட்டுரையைத் திருத்த வேண்டும் என்றேன். துணியையும் பின்வாங்கிய இடுப்பையும் சேர்த்து, புதிதாக எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, இதில் மனத்தைத் தொடும் விஷயம் எதுவும் இல்லையே என்றார். அப்படியானால் கட்டுரையையே எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்துவிட்டார். கல்லூரிப் பாடத்திலிருந்தும் அது போய்விட்டது. என் மகன் சில வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது மாத்திரை போட்டாச்சா என்று மட்டும் கேட்கிறான்.

புதிய பதிப்பு வந்ததும் அஞ்சலைக்கு ஒரு பிரதி அனுப்பினேன். இந்தப் பயணத்தைப் பற்றி எழுதலாமா என்றும் கேட்டிருந்தேன். நெடுநாள் பதில் இல்லை. பிறகு ஒரு காலை, கைப்பேசியில் அவர் குரல் வந்திருந்தது. பின்னணியில் லோரி ஹாரன்.

"சேது, புக்கு வந்துச்சு. எழுதிக்கோங்க, பேரு மட்டும் வேணாம். மன்னிச்சுட்டேன்னு நான் சொல்வேன்னு எதிர்பார்க்காதீங்க, அது என்கிட்ட இல்ல. புக்கை முழுசாப் படிச்சேன். அந்த எஸ்ஸே இல்லாம மத்ததெல்லாம் ஒரே போரிங் லா."

மற்றவை எல்லாம் நான் சொந்தமாக எழுதியவை.